கடுகு சைஸ்ல ஒரு காது!

உங்க செல்போனைக் கொஞ்சம் கையில் எடுங்க ப்ரெண்ட்ஸ். மெசேஜ் பார்க்க இல்லை, தலைகீழாகத் திருப்பிப் பார்க்க! சார்ஜர் சொருகுகிற இடத்துக்குப் பக்கத்தில் குண்டூசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை தெரிகிறதா? சிம் கார்டு வெளியே வருகிற ஓட்டை என்று நினைத்து அதில் ஊசியை விட்டுக் குத்திய புண்ணியவான்கள் நம்மில் நிறையப் பேர். (நானும் அந்தக் கோஷ்டிதான்.) அது சிம் ஓட்டை இல்லை பாஸ், உங்க போனோட காது! அதற்குள்ளேதான் மைக் உட்கார்ந்திருக்கிறது.

அந்த மைக்கைப் பிரித்துப் பார்த்தால் காந்தமும் இருக்காது, செப்புக்கம்பிச் சுருளும் இருக்காது. உள்ளே இருப்பது ஒரு சிலிக்கான் சிப். கம்ப்யூட்டர் பிராசஸர் எந்த மாதிரி ஃபேக்டரியில் தயாராகிறதோ, அதே மாதிரி ஃபேக்டரியில், ஒரு வட்டத் தட்டில் ஆயிரக்கணக்கில் அச்சடித்து வெட்டி எடுத்தது. சைஸ்? அம்மாவோட அஞ்சறைப்பெட்டியைத் திறந்து ஒரு கடுகை எடுத்துப் பாருங்க. கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

இப்போ அதே ஓட்டைக்குப் பக்கத்தில் சல்லடை மாதிரி வரிசையாகச் சில ஓட்டைகள் இருக்கே, அது ஸ்பீக்கர். அதைப் பிரித்தால்? காந்தம் இருக்கும். சுருள் இருக்கும். தாத்தா காலத்து ரேடியோவில் இருந்த அதே சமாச்சாரம், கொஞ்சம் இளைத்துப்போய்!

காது சிலிக்கானுக்கு மாறி இருபது வருஷத்துக்கு மேல் ஆச்சு. வாய் மட்டும் ஏன் மாறவில்லை? ரெண்டையும் சிப்பிலேயே செய்ய முடியும் என்று ஒரு யுனிவர்சிட்டி லேபில் ஆரம்பித்து, கடைசியில் காதை மட்டும் விற்ற ஒரு குட்டிக் கம்பெனியின் கதையில் இதற்குப் பதில் இருக்கிறது.

ரிச்சி ஸ்ட்ரீட் மைக்

கதைக்குப் போகும் முன்னாடி பழைய மைக்குக்கு ஒரு வணக்கம் போட்டுவிடலாம். இ.சி.இ. படிக்கிறவர்களுக்குப் பழக்கமான ஆசாமிதான். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் 'கண்டன்சர் மைக்' என்று கேட்டால், சட்டைப் பட்டன் சைஸில், பின்னால் ரெண்டு கால் வைத்த ஒரு குட்டி உலோக டப்பாவைத் தருவார்கள். கேசட் டேப்ரிக்கார்டர், லேண்ட்லைன் போன், பிரவுசிங் சென்டர் ஹெட்போன் என்று எல்லாவற்றிலும் இருந்தது இதுதான்.

இதன் முழுப் பெயர் எலக்ட்ரெட் மைக். 1962-ல் அமெரிக்காவின் பெல் லேப்ஸில் ஜேம்ஸ் வெஸ்ட், கெர்ஹார்ட் செஸ்லர் என்ற ரெண்டு பேர் உருவாக்கியது. மின்னூட்டத்தை வருஷக்கணக்கில் பிடித்துவைத்துக்கொள்ளும் மெல்லிய பிளாஸ்டிக் படலம், அதற்கு எதிரே ஓர் உலோகத் தட்டு. நீங்க பேசினால் படலம் அதிரும், நடுவில் இருக்கும் இடைவெளி கூடிக் குறையும், அந்த மாற்றம் சிக்னலாக வெளியே வரும். மேட்டர் ஓவர்! எளிமையானது, மலிவானது. நாற்பது வருஷம் அசைக்க ஆளில்லாமல் ராஜாவாக இருந்தது.

ஆனா இந்த ராஜாவுக்கு ஒரு வீக்னெஸ். சூடு ஆகாது! ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டில் நான் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டேன். குரல் கேட்டால் விளக்கு எரிகிற சர்க்யூட். மைக்கின் காலில் ஈயம் சரியாக ஒட்டவில்லை என்று சால்டரிங் அயர்னை வைத்து அழுத்து அழுத்தென்று அழுத்தினேன். ஒட்டியது. வைவாவுக்கு முந்தின ராத்திரி மைக் முன்னாடி கத்தினேன், கை தட்டினேன், பாட்டே பாடினேன். விளக்கு எரியவில்லை. ரூம்மேட்தான் எரிந்து விழுந்தான். 'தம்பி, படலத்துல இருந்த சார்ஜ் எல்லாம் சூட்டுல போயே போச்சு' என்று மறுநாள் லேப் அண்ணன் சொன்ன பிறகுதான் விஷயம் புரிந்தது.

எனக்குப் போனது ஒரு மைக். செல்போன் கம்பெனிக்கு? போன் போர்டில் இருக்கும் மற்ற பார்ட்ஸ்களை மெஷினே எடுத்துச் சரியான இடத்தில் வைத்துவிடும். அப்படியே போர்டை ஒரு நீளமான அடுப்புக்குள் அனுப்பினால் சால்டர் பசை உருகி, எல்லாம் ஒரே நேரத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்த அடுப்பின் உச்ச சூடு சுமார் 260 டிகிரி செல்சியஸ் வரை போகும். தோசைக்கல்லே தோற்றுப்போகும்! சாதாரண எலக்ட்ரெட் மைக் இதற்குள் போனால், வெளியே வரும்போது செவிடு. அதனால் எல்லாம் முடிந்த பிறகு மைக்கை மட்டும் தனியாகப் பொருத்த வேண்டும். கோடிக்கணக்கில் போன் தயாரிக்கும்போது இந்த ஒரு தனி வேலை எவ்வளவு பெரிய தலைவலி என்று யோசிங்க. சிலிக்கானில் செய்த மைக்குக்கு இந்த அடுப்பு ஒரு பொருட்டே இல்லை. சிலிக்கான் மைக்குக்குக் கதவைத் திறந்துவிட்டது குரலின் தரம் அல்ல, இந்த அடுப்புதான் என்று எனக்குத் தோன்றும்.

பெருமாள் கோயில் ஊரில் ஒரு லேப்

பிட்ஸ்பர்க் என்றதும் நம்ம ஊர் ஆட்களுக்கு வெங்கடேஸ்வரா கோயில் ஞாபகம் வரும். அமெரிக்கர்களுக்கு ஸ்டீல் ஞாபகம் வரும். இரும்பாலைகள் வரிசையாக மூடிய பிறகு அந்த ஊரைத் தூக்கி நிறுத்தியவற்றில் கார்னகி மெலன் யுனிவர்சிட்டிக்குப் பெரிய பங்கு உண்டு. 1990-களின் பிற்பகுதியில் அங்கே கென் கேப்ரியல் என்ற பேராசிரியர் வந்து சேர்ந்தார். ஆள் லேசுப்பட்டவர் இல்லை. எம்.ஐ.டி.யில் டாக்டர் பட்டம், பெல் லேப்ஸில் ஆராய்ச்சி, அப்புறம் அமெரிக்க ராணுவத்துக்காக ஆராய்ச்சிகளுக்குப் பணம் கொடுக்கும் டார்பாவில் மெம்ஸ் திட்டத்தைக் கவனித்தவர்.

மெம்ஸ்னா? சிப்புக்குள் அசையும் பாகங்களைச் செய்யும் வித்தை. சாதாரண சிப்பில் எலெக்ட்ரான்தான் ஓடும், வேறு எதுவும் அசையாது. மெம்ஸ் சிப்பில் கண்ணுக்குத் தெரியாத ஊஞ்சல், ஸ்பிரிங், தகடு எல்லாம் இருக்கும். போனைப் படுக்கவைத்துப் பிடித்தால் திரையும் கூடவே திரும்புகிறதே, அது இந்த ஊஞ்சல் பார்த்த வேலை. கார் மோதியதும் ஏர்பேக்கை ஊதச் சொல்வதும் இதே ஜாதி சென்சார்தான்.

அசையும் பாகம் செய்ய முடியும் என்றால் அதிரும் தோல் ஒன்றைச் செய்ய முடியாதா? கேப்ரியலின் லேப் எடுத்துக்கொண்ட கேள்வி இது. சிலிக்கானில் மைக் செய்வது 1980-களிலிருந்தே பல லேப்களில் நடந்துகொண்டிருந்ததுதான். இவர்கள் பண்ணிய சேட்டை வேறு. மைக்குக்கு என்று தனியாக எதையும் அடுக்காமல், சாதாரண சிமாஸ் சிப்பில் ஏற்கெனவே இருக்கிற அடுக்குகளையே தோலாக்கிவிட்டார்கள்!

எப்படி? ஒரு சிப்பைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் அடியில் சிலிக்கான், அதற்கு மேல் அலுமினியமும் கண்ணாடி போன்ற ஆக்ஸைடும் மாறி மாறி அடுக்கடுக்காக இருக்கும், பரோட்டா மாதிரி. அந்த அலுமினியக் கம்பிகள் டிரான்சிஸ்டர்களுக்கு இடையே சிக்னல் கொண்டுபோகத்தான் இருக்கின்றன. சிப்பின் ஒரு மூலையில் அந்த அலுமினியத்தைக் கம்பியாக வரையாமல், வளைந்து வளைந்து போகும் வலையாக வரைகிறார்கள். பிறகு அரிக்கும் வாயுவைச் செலுத்தினால், வலையின் கண்களில் இருக்கும் ஆக்ஸைடு போய்விடும். தொடர்ந்து அடியில் இருக்கும் சிலிக்கானையும் அரித்துவிட்டால், வலை அந்தரத்தில் தொங்கும். நேர்க்கோடாக இல்லாமல் நெளி நெளியாக வரைந்ததற்கும் காரணம் இருக்கு. ஒட்டியிருந்ததை விடுவித்ததும் உலோகம் சுருங்கப் பார்க்கும். நெளிவுகள் ஸ்பிரிங் மாதிரி அதைத் தாங்கிக்கொள்ளும்.

வலை இருந்தால் போதுமா? காற்று ஓட்டை வழியாகப் போய்விடுமே! அதற்கு ஒரு பாலிமர் பூச்சு. கண்களை எல்லாம் அது அடைத்ததும் வலை தோலாகிவிட்டது. கொசுவலைக்குக் கஞ்சி போட்ட கதை! பக்கத்திலேயே, அதே சிப்பில், சிக்னலைப் பெருக்கும் சர்க்யூட். இந்தத் தோலுக்கு முன்னால் பேசினால் அது காது. அதே தோலுக்கு மின்னழுத்தம் கொடுத்து ஆட்டினால் அது வாய்.

இந்த ஐடியாவை எடுத்துக்கொண்டு 2001-ல் கேப்ரியலும் ஜிம் ராக் என்பவரும் பிட்ஸ்பர்க்கிலேயே ஆரம்பித்த கம்பெனிதான் அகூஸ்டிகா. சொந்தமாகச் சிப் ஃபேக்டரி கட்ட வேண்டாம், வெளியே அச்சடித்து வாங்கி, கூடுதலாகச் சில வேலைகளைச் செய்தால் போதும் என்பது ஒரு குட்டிக் கம்பெனிக்கு எவ்வளவு பெரிய வரப்பிரசாதம்!

ஜாலரா கேட்குது, தவில் கேட்கலை

இப்போ வாய்க்கு வருவோம். கார்னகி மெலன் லேபில் அந்தத் தோலை வைத்து ஒரு குட்டி இயர்போன் செய்தார்கள். பாடியது! ஆனா எப்படி? சுமார் 1,000 ஹெர்ட்ஸிலிருந்து 15,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்டது. நம்ம காது 20 ஹெர்ட்ஸிலிருந்தே கேட்கக்கூடியது. ஆம்பளைக் குரலின் அடித்தளமே 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் இருக்கும். கல்யாணக் கச்சேரியில் ஜாலரா மட்டும் கேட்டு, தவில் கேட்காமல் போனால் எப்படி இருக்கும்? அந்த நிலைமை.

இது அவர்களுடைய கெட்டிக்காரத்தனத்தில் இருந்த குறை இல்லை. காற்றின் சட்டம் அப்படி. கேட்கிறவன் வேலை சுலபம். காற்று தானாக வந்து தட்டும். தோல் நானோமீட்டர் கணக்கில் அசைந்தாலே போதும், மிச்சத்தை சர்க்யூட் பார்த்துக்கொள்ளும். பேசுகிறவன் அப்படி இல்லை. அவன் காற்றைத் தள்ளியாக வேண்டும். அதிலும் திறந்தவெளியில், ஒரே அளவு சத்தம் வேண்டும் என்றால், சுருதி ஒரு ஸ்தாயி இறங்கும்போதெல்லாம் தள்ள வேண்டிய காற்று நாலு மடங்காகும். 1,000 ஹெர்ட்ஸிலிருந்து 100 ஹெர்ட்ஸுக்கு இறங்கினால் நூறு மடங்கு!

பிசிக்ஸ் பிடிக்காதவர்கள் இந்த ஒரு பாராவைத் தாண்டிப் போகலாம், ஆனா தாண்டாதீங்க, ஜாலியான கணக்கு. உங்களுக்கு ஒரு மீட்டர் தள்ளி ஒரு ஸ்பீக்கர், டிவி சத்தம் அளவுக்கு, 74 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம், 100 ஹெர்ட்ஸில் ஒலிக்க வேண்டும். அதற்கு ஒவ்வொரு அதிர்விலும் சுமார் ஏழரை சி.சி. காற்றை முன்னும் பின்னும் தள்ள வேண்டும். பெரிய ஸ்பீக்கருக்கு இது ஜுஜுபி. கூம்பு ஒரு துளி அசைந்தால் போதும். ஆனா 1 சதுர மில்லிமீட்டர் தோலுக்கு? அது ஏழரை மீட்டர் போய்விட்டு வர வேண்டும். அதாவது கீழே இருந்து ரெண்டாவது மாடி வரை, விநாடிக்கு நூறு தடவை!

இப்போ அதே தோலை உங்க காதுக்குள் வைத்து இறுக்கமாக மூடிவிடுவோம். அடைபட்டிருக்கும் காற்று சுமார் 1 சி.சி.தான். மூடிய இடத்தில் கதையே வேறு. அதே 74 டெசிபலுக்குத் தோல் சுமார் 2 மைக்ரோமீட்டர் அசைந்தால் போதும். தலைமுடியின் தடிமனில் சின்னப் பங்கு! ஏழரை மீட்டர் எங்கே, ரெண்டு மைக்ரோமீட்டர் எங்கே! நம்பிக்கை இல்லையா? ரப்பர் மூடி வைத்த இயர்போனை மாட்டிக்கொண்டு, நல்ல குத்துப்பாட்டு ஒன்றைப் போடுங்க. அப்படியே இயர்போனைக் கொஞ்சம், ஒரே ஒரு மில்லிமீட்டர், வெளியே இழுங்க. பாட்டு அப்படியே இருக்கும், அடி மட்டும் காணாமல் போயிருக்கும். மூடி திறந்துவிட்டது, பேஸ் வெளியே ஓடிவிட்டது.

ஆக, போனின் அடியில் இருக்கும் ஸ்பீக்கருக்குச் சிலிக்கான் சரிப்படாது. காதுக்குள் வேண்டுமானால் வாய்ப்பு உண்டு, அதுவும் சுலபமில்லை. பாட்டின் உச்சத்தில் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும், அப்போது தோல் பத்துக்கணக்கான மைக்ரோமீட்டர் ஆட வேண்டும். சிப்பில் இருக்கும் இடைவெளியோ சில மைக்ரோமீட்டர். அந்த லேப் சும்மா இருக்கவில்லை. ஒரே தோலை அதிகமாக ஆட்டுவதற்குப் பதிலாக, நிறையத் தோல்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் 'மேலே, கீழே' என்று மட்டும் ஆடவிட்டு, எத்தனை தோல் ஆடுகிறது என்பதை வைத்தே பாட்டை உண்டாக்கும் டிஜிட்டல் ஸ்பீக்கரையும் முயன்று பார்த்து, 2002-ல் ஆராய்ச்சிக் கட்டுரையாகக் கொடுத்தார்கள். ஒவ்வொரு தோலும் ஒரு 'டிக்'. எல்லா டிக்கையும் கூட்டினால் பாட்டு! கேட்கவே எவ்வளவு அழகாக இருக்கு? ஆனால் அகூஸ்டிகாவின் பெயரில் கடைக்கு வந்தது ஸ்பீக்கர் இல்லை. மைக் மட்டும்தான்.

டிக்கடி டிக்கடி சத்தம்!

சரி, கையில் மைக் இருக்கு. யாரிடம் விற்பது? செல்போன் கம்பெனிகளிடம் என்றுதானே சொல்வீங்க? அங்கே ஏற்கெனவே ஒரு பெரிய அண்ணன் நுழைந்துவிட்டார். காது மிஷினுக்குப் பாகங்கள் செய்வதில் பழம் தின்று கொட்டை போட்ட, இல்லினாய்ஸைச் சேர்ந்த நோல்ஸ் கம்பெனி. 1946-லிருந்து இருக்கிறது. அவர்கள் 2003 வாக்கிலேயே சிலிக்கான் மைக்கைப் பெரிய அளவில் அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள்.

அகூஸ்டிகா கண் வைத்தது லேப்டாப் மேல். ஏன் லேப்டாப்? பழைய நோக்கியா போன் காலம் ஞாபகம் இருக்கா? டிவி பக்கத்தில் போனை வைத்திருந்தால், கால் வருவதற்கு ஒரு நொடி முன்னாடி டிவி ஸ்பீக்கர் 'டிக்கடி டிக்கடி டிக்கடி' என்று உறுமும். போன் விநாடிக்கு 217 தடவை விட்டுவிட்டு ரேடியோ அலையைத் துப்புவதைப் பக்கத்தில் இருக்கும் ஒயர் பிடித்துச் சத்தமாக்கிவிடும். லேப்டாப்பில் இதே தொல்லை நிரந்தரம். பேசுகிறவர் வாய்க்கு நேராக இருக்க மைக்கைத் திரைக்கு மேலே வைக்க வேண்டும். வை-ஃபை ஆன்டெனாவும் பெரும்பாலும் திரை ஓரத்தில்தான். மைக்கின் மெல்லிய சிக்னல், நீளமான ஒயரில், ஆன்டெனாவை உரசிக்கொண்டு, கீல் வழியாக இறங்கிக் கீழே மதர்போர்டுக்கு வர வேண்டும். வருவதற்குள் அதன் மேல் சேறு அப்பிவிடும்.

அகூஸ்டிகாவின் சிப்பில் தோலுக்குப் பக்கத்திலேயே சர்க்யூட் இருந்ததே, அது இங்கே கைகொடுத்தது. சிக்னலை அங்கேயே 0, 1 என்று டிஜிட்டலாக மாற்றித்தான் ஒயருக்கு அனுப்பும். அதற்கு அப்புறம் யார் உரசினால் என்ன? 2006-ல் வந்த அந்த ஒற்றைச் சிப் டிஜிட்டல் மைக்கின் பெயர் ஏகேயூ2000. பின்னால் வந்த ஒரு மாடலில் சிப்பின் அளவே 1 மி.மீ.க்கு 1 மி.மீ. என்று ஆனது. கடுகேதான்!

சின்னதாக ஆனதில் இடம் மிச்சம் என்பது ஒரு லாபம். அதைவிடப் பெரிய லாபம், ஒரே தட்டில் அச்சடித்த மைக்குகள் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். இது எதற்கு உதவும்? ரெண்டு சென்டிமீட்டர் இடைவெளியில் ரெண்டு மைக் வைத்தால், பக்கவாட்டில் வரும் சத்தம் ஒன்றை அடைந்து மற்றதை அடைய சுமார் 60 மைக்ரோ செகண்ட் தாமதமாகும். நேராக உங்க வாயிலிருந்து வருவது ரெண்டுக்கும் ஒன்றாக வந்து சேரும். இந்த வித்தியாசத்தை வைத்துப் பக்கத்துச் சத்தத்தைக் கழித்துவிடலாம். டீக்கடை பெஞ்சிலிருந்து இன்டர்வியூ கால் பேசினாலும் எதிர்முனை ஹெச்.ஆர்.க்கு உங்க குரல் தெளிவாகக் கேட்பது இப்படித்தான். (மாஸ்டரின் ஆத்துற சத்தம் கொஞ்சம் கேட்கும், அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க.) ஆனா ரெண்டு மைக்கும் அச்சாக ஒரே மாதிரி இல்லையென்றால் கழித்தல் கணக்கு தப்பிவிடும். இன்னிக்கு ஒயர் இல்லாத இயர்பட் ஒவ்வொன்றிலும் ரெண்டு மூன்று மைக் இருக்கிறது என்றால் காரணம் இந்த இரட்டைப்பிள்ளைத்தனம்.

அப்படியானால் அகூஸ்டிகா சந்தையை அள்ளிவிட்டதா? இல்லை. நோல்ஸ் போன்றவர்கள் தோலை ஒரு சிப்பிலும் சர்க்யூட்டை இன்னொரு சிப்பிலும் தனித்தனியாகச் செய்து, ஒரே டப்பாவில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மெல்லிய கம்பியால் இணைத்தார்கள். கேட்க அழகாக இல்லை, உண்மை. ஆனா தோலை அதற்கு ஏற்ற பொருளில் செய்யலாம், சர்க்யூட்டை அதற்கு ஏற்ற ஃபேக்டரியில் செய்யலாம், ஒன்று சொதப்பினால் இன்னொன்று வீணாகாது. இன்னிக்கு உலகத்தில் விற்கும் சிலிக்கான் மைக்குகளில் பெரும்பாலானவை இந்த ரெண்டு சிப் ஜாதிதான். ஒரே சிப்பில் எல்லாம் என்பது எலெக்ட்ரானிக்ஸ் படித்தவனுக்கு மோட்சம் மாதிரி. கடைக்காரனுக்கு அப்படித் தெரிய வேண்டிய அவசியமில்லையே!

2009-ல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் அகூஸ்டிகாவை வாங்கியது. ஏர்பேக் சென்சார்களில் பெரிய கை. அதே வருஷம் கேப்ரியல் மறுபடியும் டார்பாவுக்கே, இந்த முறை துணை இயக்குநராகப் போனார். எட்டு வருஷம். லேபில் ரெண்டு கனவு, கடையில் ஒரு பொருள், கடைசியில் பெரிய கம்பெனியின் மடி. இதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்த ஸ்பீக்கரையும் கட்டிக்கொண்டு அழுதிருந்தால் இந்த மைக்கே வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

'இதெல்லாம் அமெரிக்காவுல சரி, எங்க காலேஜ் லேப்ல ஆசிலாஸ்கோப்பே வேலை செய்யலை' என்று முணுமுணுக்கிறீங்களா? புரியுது. பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யிலும் மும்பை ஐ.ஐ.டி.யிலும் நானோ ஃபேப் வசதி இருக்கிறது. வெளிக் கல்லூரிகளின் ஆசிரியர்களும் ஆராய்ச்சி மாணவர்களும் அங்கே வந்து சிப் வேலை கற்றுக்கொள்ளவும் தங்கள் ஐடியாவைச் செய்துபார்க்கவும் 2008-ல் ஐஎன்யூபி என்றொரு திட்டத்தைத் தொடங்கினார்கள். பின்னாளில் மெட்ராஸ் ஐ.ஐ.டி. உட்பட இன்னும் சில இடங்களும் இதில் சேர்ந்தன. மெம்ஸ் ஆசை இருந்தால் உங்க ஹெச்.ஓ.டி.யிடம் இந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்க. எலெக்ட்ரானிக்ஸ் மட்டும்தான் என்றில்லை. தோல் எப்படி அதிரும் என்பது மெக்கானிக்கல், அதன் மேல் என்ன பூசுவது என்பது கெமிஸ்ட்ரி, காதுக்கு எப்படிக் கேட்கும் என்பது பிசிக்ஸ். சண்டை போடாமல் நாலு டிபார்ட்மென்ட் பசங்க ஒரே டேபிளில் உட்கார வேண்டிய வேலை இது.

வாய்க்கு ரெண்டாவது ரவுண்டு

கைவிடப்பட்ட அந்த ஸ்பீக்கர் என்ன ஆச்சு? சும்மா கிடக்கவில்லை. ஜெர்மனியின் டிரெஸ்டனில் ஃபிரவுன்ஹோபர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து பிரிந்து 2019-ல் அரியோசோ சிஸ்டம்ஸ் என்று ஒரு குட்டிக் கம்பெனி பிறந்தது. அவர்கள் தோலைச் சிப்பின் மேல் பரப்பவே இல்லை. சிப்பின் தடிமனுக்குள்ளேயே மெல்லிய சுவர்களை நெருக்கமாக நிற்கவைத்து, அவை பக்கவாட்டில் வளைந்து நடுவில் இருக்கும் காற்றைப் பிழிந்து வெளியே தள்ளும்படி செய்தார்கள். ஆர்மோனியத் துருத்திகளை வரிசையாக நிற்கவைத்த மாதிரி. 2022-ல் அந்தக் கம்பெனியை ஒருவர் வாங்கினார். யார் தெரியுமா? அதே பாஷ்!

அமெரிக்காவின் சாண்டா கிளாராவில் 2018-ல் தொடங்கிய எக்ஸ்மெம்ஸ் என்ற இன்னொரு குட்டிக் கம்பெனி வேறு வழியில் போனது. கேஸ் லைட்டரை 'டிக்' என்று அழுத்தினால் பொறி வருகிறதே, அழுத்தினால் மின்சாரம் தரும் அந்தப் பொருளின் குடும்பத்துக்குத் தலைகீழ் குணமும் உண்டு. மின்சாரம் கொடுத்தால் வளையும். அதை மெல்லிய படலமாகச் சிலிக்கான் தோல் மேல் பூசிவிட்டார்கள். எதிர்த்தட்டு கிடையாது, அதனால் 'இடைவெளி போதவில்லை' என்ற பழைய பிரச்னையும் கிடையாது. 2020-ல் முதல் சிப்பை அறிவித்தார்கள். 2023-ல் கிரியேட்டிவ் கம்பெனியின் ஆர்வானா ஏஸ் இயர்பட்டில் இவர்களுடைய ஸ்பீக்கர் கடைக்கு வந்தது. ஆனா கவனிங்க, அதில் மேல் சுருதிக்குச் சிலிக்கான், அடிச் சத்தத்துக்குப் பக்கத்திலேயே காந்தமும் சுருளும் கொண்ட 10 மி.மீ. ஸ்பீக்கர். ஜாலராவுக்குப் புது ஆள் வந்துட்டார், தவிலுக்கு இன்னும் பழைய வித்வான்தான்!

அந்த வித்வானையும் வீட்டுக்கு அனுப்ப ஒரு தந்திரம் யோசித்தார்கள். தோலைக் காதுக்கே கேட்காத அல்ட்ராசோனிக் வேகத்தில் படபடவென்று அடிக்கவைத்து, அந்தத் துடிப்புகளைக் கூட்டிக் குறைத்து அடிச் சத்தத்தை உண்டாக்குவது. ஒரே வீச்சில் ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியாதவன் டம்ளரால் ஆயிரம் தடவை மொண்டு ஊற்றுகிற மாதிரி. சைப்ரஸ் என்ற பெயரில் அந்தச் சிப்பை 2023 கடைசியில் அறிவித்தார்கள்.

படபடவென்று காற்றை மொள்ளத் தெரிந்துவிட்டதா, உடனே அவர்களுக்கு இன்னொரு யோசனை. பாட்டை விட்டுத் தள்ளு, காற்றை மட்டும் ஒரே பக்கமாகத் தள்ளினால் என்ன? 2024 ஆகஸ்டில் ஒரு சிப்பை அறிவித்தார்கள். தடிமன் 1 மி.மீ.க்குச் சற்று மேல், நீளம் 1 சென்டிமீட்டருக்கும் குறைவு. விநாடிக்கு 39 சி.சி. வரை காற்றைத் தள்ளும் என்றது கம்பெனி. கேம் ஆடி ஆடிச் சூடாகும் போனுக்குள்ளும் டேப்லெட்டுக்குள்ளும் வைப்பதற்கான ஃபேன் அது. இறக்கை கிடையாது, மோட்டார் கிடையாது, ஸ்பீக்கராகப் பிறந்த அதே சிலிக்கான் தோல்தான். ஆடுவது அல்ட்ராசோனிக் வேகத்தில் என்பதால் சத்தமும் வராது.